இரவல் மாடுகள்

என் மனைவியை எல்லோரும் 'லோன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை 'லோன் அக்கா வீட்டுக்காரர்' என்பார்கள். சொந்தமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன், அது ஒருத்தர் கண்ணுக்கும் தெரிவதில்லை. போகட்டும்.

குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிறவர்களை வங்கி வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். அவர்களைத் தேடிப் போய், வரவு செலவுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்து, மனு எழுதி, மேசைவரை கூட்டிப் போவது இவள் வேலை. ஒரு சின்னச் சங்கம் சம்பளம் தருகிறது. வண்டி ஓட்டுவது நான். "கையில காசே வராத மாசம் எது? மொதல்ல அத சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்த மாதத்தை ஓட்ட ஒரு வழி தெரிந்த பிறகுதான் கடன் பேச்சையே எடுப்பாள்.

அப்படித்தான் புருஷனை இழந்த தக்காளிக்காரம்மாவுக்குக் கறவை மாட்டுக் கடன் கேட்டிருந்தாள். மாடே இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுக்கிற கடன் அது. கிடைக்காவிட்டால் அந்தம்மா குத்தகையை விட்டுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான். வங்கி ஆபீசர் நேரில் பார்க்க வருகிறார் என்றதும் இவள் சொன்னாள்: "வீட்ட கொஞ்சம் பாக்கற மாதிரி வெச்சிருங்கம்மா." அவ்வளவுதான் சொன்னாள்.

ஆபீசரோடு போய் இறங்கினால், எனக்குத் தலை சுற்றிவிட்டது. வாசலில் புது நாற்காலிகள். கொட்டகையில் கொழுகொழுவென்று இரண்டு மாடுகள்! அந்தம்மா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அடிப்பாவி என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ரெண்டு மாடு இருக்கே, அப்புறம் எதுக்கும்மா லோன்?" என்றார் ஆபீசர்.

அந்தம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அவளுடைய ஓரகத்தி வாளியோடு வந்து நின்றாள். "அக்கா, கறக்கற நேரமாச்சு. என் மாட்ட அவுத்துக்கறேன். நாற்காலிய அப்புறமா எடுத்துக்கலாம்."

தெருவே வேடிக்கை பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அந்தம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்கே எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஆபீசரையே ஏமாத்தறீங்களா? மனுவ தள்ளிட வேண்டியதுதான்" என்று கத்தினார் ஆபீசர்.

"அவங்கள விடுங்க சார்," என்றாள் என் மனைவி. "நான்தான் கட்டி வைக்கச் சொன்னேன்."

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை. ஆபீசர் இவளை வாய்க்கு வந்தபடி பேசினார். படித்தவளா நீ என்றார், புரோக்கர் என்றார், இனி என் ஆபீஸ் படி ஏறாதே என்றார். மனுவைத் தள்ளவில்லை. நான் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றேன். கட்டின பெண்டாட்டியை ஒருவன் தெருவில் வைத்துத் திட்டுகிறான், நான் பேசினால் கடன் போய்விடும். கூசிப்போய் நின்றேன்.

திரும்பும் வழியில் வெடித்தேன். "ஏமாத்துனது அவ, திட்டு வாங்குனது நீயா? ஒரு வார்த்த வாயத் திறந்தாளா?"

"காலிக் கொட்டகைய காட்டினாத்தான் கடன் கெடைக்கும்னு நான்தானே சொல்லிருக்கணும்? வீட்ட பாக்கற மாதிரி வையின்னேன். இல்லாதவங்ககிட்ட அப்படிச் சொன்னா என்ன செய்வாங்க?" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

கடன் வந்தது, மாடும் வந்தது. இப்போது இவள் வங்கிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து ஆட்களை உள்ளே அனுப்புகிறாள். போன வாரம் நாங்கள் வண்டியில் போகும்போது எதிரே தக்காளிக்காரம்மா பால் கேனோடு வந்தாள். எங்களைப் பார்த்ததும் அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். நல்லா இருக்கியாம்மா என்று கேட்கலாமென்று பிரேக் போட்டேன்.

என் மனைவி முதுகில் தட்டினாள். "நிக்காதீங்க, போங்க. என்னாலயும் அவங்க முகத்த பாக்க முடியல."