டொக்டர் உள்ளே வந்தபோது

மச்சாளின் கை என் முதுகில் இருந்தது. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து, முதன்முதலாகக் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். பான் நகரில், எங்கள் வீட்டுச் சோபாவில், ஒரு நோவும் இல்லாத என்னை நோயாளியாக்கி எத்தனை தரம் அப்படிப் பிடித்திருப்பா!

மச்சாள் என் அண்ணையின் மனைவி. அவவும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவா. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவ. ஜேர்மனிக்கு வந்தபின் முதியோர் இல்லமொன்றில் உதவியாளர். உடம்பு கழுவலாம், சாப்பாடு தீத்தலாம், ஊசி போடக் கூடாது. மறுபடி தாதியாவதென்றால் மாநில அலுவலகத்தில் விண்ணப்பித்து, ஆஸ்பத்திரியில் பரீட்சகர்கள் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஒவ்வொரு மாநிலமும் தன் பாட்டுக்கு ஒவ்வொரு விதி வைத்திருந்தது. ஒரே நாடு என்று பேர்தான்!

முதல் பரீட்சை எங்கள் மாநிலத்தில். ஒரு முதியவரைக் கட்டில் விளிம்பில் இருத்திப் பிடித்திருக்கிறா. அந்நேரம் பார்த்துப் பெரிய டொக்டர் உள்ளே வருகிறார். மச்சாள் என்ன செய்தா தெரியுமா? கையை எடுத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி, விறைப்பாக நின்றா. அவ வேலை பழகிய இடத்தில் டொக்டர் வந்தால் தாதி அப்படித்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக வாங்கிக் கட்டலாம். முதியவர் சரிந்தார். பரீட்சகர் பாய்ந்து பிடித்ததால் தப்பினார். மச்சாளின் பரீட்சை அதோடு சரி.

றைன் ஆற்றோரமாக ரயிலில் கொஞ்ச நேரம் போனால் அடுத்த மாநிலம். அங்கே ஓர் ஆஸ்பத்திரி, தேறினால் வேலை தருவதாகச் சொன்னது. எல்லாக் கடதாசியும் முதலிலிருந்து. இதுவும் தவறினால் கடைசிவரை உதவியாளர்தான் என்று மச்சாளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வீட்டில் ஒத்திகை தொடங்கியது. அண்ணை டொக்டராக, வெள்ளைச் சேட்டோடு கதவைத் திறந்து வருவார். மச்சாள் உடனே ஒதுங்கி நிற்பா. நான் வேண்டுமென்றே சோபாவிலிருந்து தொப்பென்று விழுவேன். "ஐயோ மச்சாள், என்னை விழுத்திப்போட்டியள்!" என்று கத்துவேன். முதலில் சிரித்தோம். நாள் நெருங்க நெருங்க ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் அவ தன் கைகளைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியுது. ஆனா கை தன்ர பாட்டில விடுது. ஏலாது போல கிடக்கு" என்று அழுதா. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவவில் இல்லை, அப்படிப் பயப்படப் பழக்கியவர்களில்.

பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே மெலிந்த பெண்ணொருத்தியை மச்சாள் கட்டிலில் இருத்திப் பிடித்திருந்தா. வெளியே கதிரையில் இருந்த என்னைக் கடந்து டொக்டர் உள்ளே போனார். விடாதேங்கோ மச்சாள், விடாதேங்கோ. டொக்டர் கைகுலுக்கத் தன் கையை நீட்டினார். கடவுளே, இதை நாங்கள் பழகவேயில்லை! மச்சாளின் ஒரு கால் பின்னால் போனது. கை மட்டும் போகவில்லை. "ஒரு நிமிஷம், டொக்டர்" என்றா ஜேர்மன் மொழியில். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் அதைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு காத்து நின்றார்.

இன்று விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரு பொதுச் சட்டம் இருக்கிறது. எங்கள் அலைச்சல் அவர்களுக்குக் குறைவு. நல்லது, குறையட்டும்.

முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து நான் கிடந்தது மச்சாள் தாதியாக இருக்கும் வார்ட்டில்தான். கதவு திறந்தது. டொக்டர் வந்தார். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? தைத்த காலை ஊன்றி, மரியாதையாக எழும்பப் பார்த்தேன். முதுகில் இருந்த கை தோளுக்கு வந்து என்னை அழுத்தி இருத்தியது.

"எனக்காக விழுந்தது போதும், மச்சாள். இருங்கோ."