தீவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

கூடாரத் தொழிலில் இருக்கிறவனுக்கு வாரத்தில் ஐந்தே நாள்தான். சனியும் ஞாயிறும் கஸ்டமருக்குச் சொந்தம்.

ஓட்டலில் பரிமாறுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்க்கிறவர்கள், கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட் கட்டுகிறவர்கள் என்று, ஊர் ஓய்வெடுக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான். பெங்களூரில் தொம்மலூரில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனியில் நான் கைடு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு கூட்டத்தை பஸ்ஸில் ஏற்றி, காலையில் மேற்குக் கடற்கரையில் ஒரு மீன்பிடித் துறையில் இறக்கி, அங்கிருந்து படகில் ஒரு தீவுக்குக் கூட்டிப்போவேன். அங்கே கரண்ட் இல்லை, கடை இல்லை, குடிதண்ணீர் இல்லை, கக்கூஸ் இல்லை, போனுக்கு சிக்னல் இல்லை. பாறையும் முள்ளும் காற்றும் வேண்டிய மட்டும் உண்டு. இதற்குப் பணம் கட்டி வருகிறார்கள். மழைக்காலத்தில் படகு போகாது என்று சந்தோஷப்பட முடியாது, அப்போது மலைப்பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு வீடு விவேக் நகரில். மனைவி ஸ்டெல்லா காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் ஜெனி ஐந்தாம் வகுப்பு. கஸ்டமர்கள் தங்கள் ஆபீஸ் முடிந்து சாவகாசமாக எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள் என்பதால், சாதாரண நாளில் நான் வீடு சேரும்போது ஜெனி தூங்கியிருப்பாள். அவள் விழித்திருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் நான் தீவில் இருப்பேன். மூன்று பேரும் சேர்ந்து சர்ச்சில் பூசைக்குப் போய் எவ்வளவு காலம் ஆச்சு என்று ஸ்டெல்லா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போது எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

முதலாளி கிரீஷிடம், "தீவுக்கு வேற ஆள் போடுங்க சார், என்னை ஆபீஸ்ல உக்கார வையுங்க" என்று கேட்டபடியே இருந்தேன். ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்பார்.

மொட்டை மாடியில் தீவு

எங்கள் தீவில் டெண்ட் அடிக்க ஆணி உதவாது. மேலே ஒரு விரல்கடை மண், கீழே பாறை. அதனால் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்ட வேண்டும். இதைக் காற்றில் நின்று கற்றுக்கொடுத்தால் ஒருவர் காதிலும் விழாது. ஆகவே வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் ஆபீஸ் மொட்டை மாடிக்கு வரச்சொல்லி, செங்கல்லில் கட்டிப் பழக வைப்பேன். பளபளவென்று வெளிநாட்டு ஆணி வாங்கி வந்தவர்கள் அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்ளும்போது முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அங்கேயே தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுவேன். குடிக்க, சமைக்க எல்லாம் நாம் படகில் ஏற்றுகிற கேன்தான், தலைக்குக் குளிப்பதை மறந்துவிடுங்கள் என்று. இப்படி நான் தொண்டை வறளப் பேசி முடித்த ஒரு சாயங்காலம், ஒயிட்ஃபீல்டில் இருந்து வந்த ஒரு பெண் ரொம்பப் பொறுமையாக எனக்கு வழி சொன்னார். சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னார்: "தீந்துட்டா ஒரு டேங்கர் சொல்லிட்டா ஆச்சு அண்ணா, எங்க அபார்ட்மெண்ட்ல அப்டித்தான் பண்றோம்."

வாசல் எந்தப் பக்கம்

வீடு கட்டித் தரும் ஒரு கான்ட்ராக்டர் குடும்பத்தோடு வந்தார். படகிலிருந்து இறங்கியதும் பையில் இருந்து திசைகாட்டியை எடுத்தார். ஆகா, விஷயம் தெரிந்த ஆள் என்று எனக்குச் சந்தோஷம். அவர் பார்த்தது வாஸ்து. டெண்ட் வாசல் கிழக்கே பார்க்க வேண்டும், தெற்கே தலைவைத்துப் படுக்க வேண்டும் என்று ஊரிலேயே யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

கடல் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. அந்தப் பக்கம் வாசல் வைத்தால் டெண்ட் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு போய்விடும். "இங்க எல்லா டெண்ட்டுக்கும் கிழக்கு வாசல்தான் சார், கவலைப்படாதீங்க" என்றேன். மனிதர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வாடிவிட்டது. தனக்கு மட்டும் வரவேண்டிய யோகம் ஊருக்கே பங்கு போய்விட்டதே என்ற வருத்தம். மனைவி கூப்பிட்டதைக்கூடக் காதில் வாங்காமல் தீவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "சரி விடுங்க, கார்னர் சைட்டாவது எனக்குக் குடுங்க."

சிவப்புத் தொப்பி

கக்கூஸ் இல்லை என்றேன் அல்லவா. பாறைக்குப் பின்னால், தப்பித் தவறி மண் சேர்ந்திருக்கும் ஒரு ஒதுக்குப்புறம் உண்டு. சின்ன மண்வெட்டியால் குழி தோண்டி, வேலை முடிந்ததும் மூடிவிட்டு வரவேண்டும். கஷ்டம் குழியில் இல்லை. மண்வெட்டியைக் கையில் எடுத்தாலே எதற்குப் போகிறார் என்று கூட்டத்துக்கே தெரிந்துவிடும். அதற்கு வெட்கப்பட்டு, இரண்டு நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. திரும்பி வரும்போது அவர்களுக்காக பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி நான்தான் டிரைவரிடம் திட்டு வாங்குவேன்.

கடைசியில் ஒரு சிவப்புத் தொப்பி வாங்கினேன். மண்வெட்டி அங்கேயே கிடக்கும். தொப்பி இந்தப் பக்கம் ஒரு முள்மரத்தில் தொங்கினால் இடம் காலி. போகிறவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வெயிலுக்கு உலாத்தப் போகிறவர் மாதிரி போகலாம். தொப்பி இல்லையென்றால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஏதோ ஒரு பெரிய கம்பெனி மேனேஜர், வந்ததிலிருந்து வாயே திறக்காதவர், தொப்பியை மரத்தில் மாட்டிவிட்டு நேராக என்னிடம் வந்து கை நீட்டினார். குலுக்கலாமா வேண்டாமா என்று நான் தயங்கினேன். அவர் உருக்கமாகச் சொன்னார்: "எங்க ஆபீஸ்ல மீட்டிங் ரூமுக்குக்கூட இவ்ளோ நல்ல சிஸ்டம் இல்லப்பா."

எனக்குப் பதிலாக வந்த ஆள்

ஒருவழியாக கிரீஷ் ஆள் பிடித்தார். பெயர் பிரவீன். இமயமலைப் பக்கமெல்லாம் போய் வந்தவன், அகலமான தோள், மணியான இங்கிலீஷ். இவன் தீவைப் பழகிக்கொண்டால் ஆபீஸ் நாற்காலி எனக்கு. நான் அவசரப்பட்டு வீட்டில் சொல்லிவிட்டேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில்தான் என்று ஜெனி ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வேலை பழக என்னோடு படகில் ஏறினான். துறைமுக வாயைத் தாண்டி முதல் அலை தூக்கிப் போட்டதும் அவன் முகம் வெளுத்தது, வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டான். கைடு கஸ்டமர் தலையைப் பிடித்துத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டு கஸ்டமர்கள் கைடின் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். தீவில் இறங்கியும் நிழலைத் தேடிப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் டெண்ட்டையும் நானே கட்டினேன், அவனுக்குக் கஞ்சியும் நானே வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போனால், நான் கண் வைத்திருந்த நாற்காலியில் பிரவீன் உட்கார்ந்து போனில் புக்கிங் எடுத்துக்கொண்டிருக்கிறான். அவன் இங்கிலீஷ் கிரீஷுக்குப் பிடித்துப்போயிற்று. கிரீஷ் கன்னடக்காரர், ஆனால் தொம்மலூரிலேயே பிறந்து வளர்ந்து எங்களைப்போலத் தமிழ் பேசுவார். என் தோளைத் தட்டிச் சொன்னார்: "நல்ல ஆள் கெடச்சாச்சு ஆரோக்யா, இனிமே போன் தொல்லை எல்லாம் உனக்கு இல்ல, நீ ஆராமா, நிம்மதியா தீவை மட்டும் பாத்துக்கோ."

வியாழக்கிழமை வந்த இருவர்

அதை வீட்டில் சொன்னபோது ஸ்டெல்லா திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு எனக்குத் தட்டு எடுத்து வைத்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. கைடு தன் குடும்பத்தைத் தீவுக்குக் கூட்டிவரக் கூடாது. வந்தால் கஸ்டமரை யார் கவனிப்பது என்பது கிரீஷின் நியாயம். அவர் என் வீட்டு ஆட்களைப் பார்த்ததும் இல்லை. அப்படியிருக்க, கொஞ்ச நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை மொட்டை மாடியில் செங்கல் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்க்கிறேன், கஸ்டமர்கள் நடுவில் ஸ்டெல்லாவும் ஜெனியும் நிற்கிறார்கள். பிரவீனிடம் போனில் புக்கிங் செய்து, பணமும் கட்டி வந்திருக்கிறாள். பக்கத்திலேயே கிரீஷ். ஸ்டெல்லா முன்பின் தெரியாதவள் மாதிரி கயிற்றோடு கிட்டே வந்து கேட்டாள்: "இத எந்தக் கல்லுல கட்டணும், கைடு சார்?"

சட்டம் மீறாத பிள்ளை

"ஞாயித்துக்கெழமை நீங்க இருக்கற எடத்துக்கு நாங்க வரோம், அவ்ளோதான்" என்று ஸ்டெல்லா வீட்டில் சுருக்கமாக முடித்துவிட்டாள். ஜெனியிடமும் சொல்லி வைத்திருந்தாள்: தீவில் அப்பா என்று கூப்பிட்டால் அப்பாவுக்கு வேலை போய்விடும்.

பிள்ளை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. "சார், இந்த நண்டு கடிக்குமா?" "சார், எங்க அம்மாவுக்கு இன்னொரு டீ வேணுமாம்." காலையில் சிரிப்பாக இருந்தது. மத்தியானத்துக்குள் ஒவ்வொரு சாரும் சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. அவள் பக்கத்தில் போய் உட்காரவும் முடியவில்லை. ஒருவருக்குப் பாறைச் சிப்பி காலைக் கிழித்துவிட்டது, கட்டுப் போட்டேன். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்தது, சமாதானம் செய்தேன். காற்றில் அடுப்பு அணைந்துகொண்டே இருந்தது. இதற்கு நடுவில் வழக்கமாகச் சொல்லும் ஜோக்குகளையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் சிரித்தாள். அவள் அதையெல்லாம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்பது எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டும், நான் போனில் வீடியோ எடுக்க வேண்டும். கிரீஷ் இதற்கு 'ஷேரிங்' என்று பெயர் வைத்திருக்கிறார். அமைதி, நட்சத்திரம், போன் இல்லாத நிம்மதி என்று எல்லோரும் வழக்கமானதைச் சொன்னார்கள். ஜெனி முறை வந்தது. ஸ்கூல் பிரேயரில் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்டெல்லா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோவில் பாதி ஆடுகிறது, ஆனால் அவள் சொன்னது தெளிவாகக் கேட்கிறது: "கைடு சார் ரொம்ப ஜாலியா பேசறாரு, எல்லாரையும் சாப்ட்டீங்களா தூங்கனீங்களான்னு கேக்கறாரு, எங்க அப்பாவும் நல்லவருதான், டைம் கெடச்சா அவரும் எங்ககிட்ட இப்டித்தான் பேசுவாரு."

முதலாளிக்குப் பிடித்த வீடியோ

அந்த வீடியோ கிரீஷுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கம்பெனியின் ஆன்லைன் பக்கத்தில் போட்டார். ஜனங்கள் போன் போட்டு, அந்தக் குழந்தை சொன்ன கைடுதான் வேண்டும் என்று கேட்டுப் புக் பண்ணினார்கள். அவர் அதை எனக்குச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். நான் ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"சார், அது என் பொண்ணு. ஒரு ஞாயித்துக்கெழமை விட்டு ஒரு ஞாயித்துக்கெழமை நான் வீட்டுல இருக்கணும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கோங்க" என்றேன். வேறு வேலை எதுவும் கைவசம் இல்லை. அவர் கோபப்படவில்லை. வீடியோவைத் திரும்ப ஒருதடவை போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்தார். அப்புறம் பிரவீனைக் கூப்பிட்டு, மெடிக்கல் ஷாப்பில் வாந்தி மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். அவன் முகத்தை விவரிக்க எனக்கு மனசு வரவில்லை. நான் வெளியே வரும்போது கிரீஷ் பின்னாலிருந்து கன்னடம் கலந்து கூப்பிட்டார்: "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வீட்ல இரு, ஆய்த்தா, சரியா? ஆனா அந்த வீடியோவை மட்டும் பேஜ்ல இருந்து தூக்கச் சொல்லாதே மாராயா, புக்கிங் எல்லாம் அதுலதான் வருது."

முதல் ஞாயிறு

பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட்டேன். காபி போட்டு எடுத்துப்போய், கண் விழித்த இருவரையும், நன்றாகத் தூங்கினீர்களா, முதுகு வலிக்கிறதா என்று கேட்டேன். மூன்று பேரும் பூசைக்குப் போனோம். வரிசையில் யாராவது விட்டுப்போய்விட்டார்களா என்று வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தேன். இருந்ததே இரண்டு பேர்.

மத்தியானம் பிரியாணி. நின்றுகொண்டே பரிமாறினேன். பேச்சு நின்றுபோனதால் ஒரு ஜோக் சொன்னேன். "இத தீவுலயே சொல்லிட்டீங்கப்பா" என்றாள் ஜெனி. அப்பா என்று கூப்பிட்டது காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டு கரண்டியோடு நின்றேன். ஸ்டெல்லா என் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, காலால் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்: "நாங்க கஸ்டமர் இல்லங்க, உக்காந்து சாப்பிடுங்க."

எப்பேர்ப்பட்ட ஆளையும் இரண்டு நாளில் தீவுக்குப் பழக்கிவிடுகிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமை பழகத்தான் இன்னும் சில மாதம் பிடிக்கும் போலிருக்கிறது.