ஜம்புக்காயின் கழுத்து

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சூட்டுத் திருகை ஒரு மயிரிழை திருப்புகிறார் காளிதாசன். "டுக்கு இப்ப ஜம்பு ஆகும் பாருங்க லா" என்கிறார், அறையில் யாரும் பார்க்கிறார்களோ இல்லையோ.

மலேசியாவின் சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளர். உயிரணுவுக்குள் சரக்குச் சுமந்து திரியும் நுண்பைகள் இருக்கின்றனவே, அவற்றைப் போலவே கொழுப்பும் சீனித் தண்ணீரும் கொண்டு செய்து, மாணவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது வேலை. புத்தகத்தில் அந்த வடிவங்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள். இவருக்கோ எல்லாம் பழக்கடைதான். உருண்டையாக நின்றால் டுக்குப் பழம், ஒரு பக்கம் கூம்பினால் ஜம்புக்காய், இடை சிறுத்தால் சுரைக்காய், மணிமணியாய் நீண்டால் பெத்தாய் அவரை. புக்கிட் செலம்பாவ் ஊரில் தன் வீட்டுக் கொல்லையில் காய்ப்பதைத்தானே மனிதர் சொல்வார்!

எடுத்த படம் முதலில் மனைவிக்குப் போகும். யோகேஸ்வரி சிங்கப்பூர் மருத்துவமனையில் தாதி. "பொண்டாட்டிக்குப் பூ அனுப்புவாங்க, இவரு முட்டை முட்டையா அனுப்புறாரு" என்று சிரிப்பார்; ஒன்றையும் அழித்ததில்லை. காளிதாசனோ மோட்டார் சைக்கிளில் மனைவியின் ஹெல்மெட்டையும் தொங்கவிட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருகிறார். "வெயில்ல காயட்டும்னு" என்று சாக்கு வேறு.

இன்று காலை குரல்செய்தி வந்தது. "கன்ட்ராக்ட் புதுப்பிக்கணுங்க. கையெழுத்துப் போட்டா இன்னும் ரெண்டு வருஷம். மத்தியானத்துக்குள்ள சொல்லணும். வரவா, இருக்கவா? உன் இஷ்டம்னு மட்டும் சொல்லிறாதீங்க."

வா என்று சொல்ல மனம் கிடந்து துடிக்கிறது. முன்னேறுகிறவளின் காலைப் பிடித்து இழுத்தவன் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயம். ஏங்கி ஏங்கி ஆள் பாதியாகிவிட்டார்.

கண்ணெதிரே ஜம்புக்காயின் நுனியில் மொட்டு கிளம்பிவிட்டது. நடுவில் நூலளவு கழுத்து. இன்னும் சூடேற்றினால் அறுந்து தனியாகிவிடும். இன்று மாணவி கேட்டிருந்த படமும் அதுதான். "கழுத்து அறாத வரைக்கும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஆறவிட்டா பழையபடி ஒண்ணா சேந்துரும்" என்று யோகேஸ்வரிக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

"அறுந்துருச்சா அங்கிள்?" என்று கேட்டாள் அந்த மாணவி, தர்மிளா.

"இல்லம்மா. உன் படம் நாளைக்கு எடுத்துத் தரேன்."

திருகைப் பின்னால் திருப்பினார். கைப்பேசியை நுண்ணோக்கியின் கண்வில்லையோடு ஒட்டிப் பிடித்து வீடியோவை ஓடவிட்டார். மொட்டு மெல்ல மெல்ல உள்ளே வாங்கி, ஜம்பாகி, மறுபடியும் முழு டுக்கானது. ஒரு சொல்லும் சேர்க்காமல் அதை மனைவிக்கு அனுப்பினார். திரையிலிருந்து கண்ணை, போய்ச் சேர்ந்த குறி விழும்வரை எடுக்கவே இல்லை.