இரவல் கதிரைகள்

பிள்ளைகளே, எங்களுக்கு ஏன் அந்தத் தண்ணீர் மிசின் கிடைக்கவில்லை என்று நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சின்னவன் பல தடவை கேட்டான். நடுவிலாள் கோபத்தில் ஒருமுறை கேட்டாள். மூத்தவள் மட்டும் கேட்டதில்லை. வாயால் சொல்லப் போனால் எனக்குக் கதை வராது, அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் அரை ஏக்கர் மேட்டுக்காணியை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கிணற்றில் தண்ணீர் உண்டு, இறைக்க மிசின் இல்லை. மாரி முடிந்தால் நான் பிறருடைய வயலுக்குக் கூலிக்குப் போவேன், எங்கள் காணி காய்ந்து கிடக்கும். எங்கள் துணுக்காய் ஊர் வெயிலில் வாளியால் அள்ளி ஊற்றி எத்தனை மிளகாய்க் கன்றைக் காப்பாற்றலாம்? மிசின் கதை வந்த அந்த வருடம்தான் மூத்தவள் சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்தாள். உயர்தரம் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ், ரியூசன், கொப்பி, புத்தகம். மிசின் ஒன்று இருந்தால் கோடையிலும் மிளகாய் வைத்து, எப்படியோ அந்த இரண்டு வருடத்தையும் கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலை வேலைதான். அவளோடு படித்த பெண்பிள்ளைகள் அப்போதே அந்தத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு நிறுவனம் வாழ்வாதார உதவி கொடுக்கப் போகிறது என்று கிராம அலுவலர் கூட்டத்தில் சொன்னார். வெளிநாட்டில் யாரோ நல்ல மனதோடு சேர்த்து அனுப்பிய உதவியாம். தண்ணீர் மிசின், ஆடு, தையல் இயந்திரம், இவற்றில் எது வேண்டுமோ அதை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் எல்லோருக்கும் கிடையாது. வீடு வீடாக வந்து பார்த்துப் புள்ளி போடுவார்கள். ஆகக் கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

எங்கள் ஒழுங்கைக்கு வருவார்கள் என்று அறிந்த அன்று காலை, உங்கள் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வாற மனுசரை எங்கை இருத்துறது?"

எங்களிடம் அப்போது இருந்தது கால் உடைந்து கம்பி சுற்றிய ஒரே ஒரு கதிரை.

"பாயைப் போடு" என்றேன்.

"பாயோ? அவையென்ன செத்தவீட்டுக்கே வருகினம்?" என்று என்னில் பாய்ந்தாள்.

சண்டை முடிந்து முகாமில் இருந்த நாட்களை அவள் மறக்கவில்லை. நிவாரண அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் குந்தியிருப்போம். கொடுக்க வந்தவர்கள் நின்றபடி எங்கள் தலைகளை எண்ணுவார்கள். இனி என் வாசலுக்கு யார் வந்தாலும் கதிரை கொடுத்து இருத்தித்தான் கதைப்பேன் என்று வீடு கட்டி முடித்த அன்றே சொன்னவள். அதனால் நானும் அவளைத் தடுக்கவில்லை. நடந்த பிழையில் பாதி என்னுடையது.

முன்வீட்டு மாமியிடம் ஆறு பிளாஸ்டிக் கதிரைகளும் ஒரு சின்ன மேசையும் நிற்கும் ஃபான் ஒன்றும் இருந்தன. வெளிநாட்டில் இருக்கும் அவரின் தம்பி ஒருமுறை வந்து போனபோது வாங்கிக் கொடுத்தவை. அதற்குப் பிறகு அந்தத் தம்பியிடமிருந்து கடிதமும் இல்லை, போன் கோலும் இல்லை. மாமியின் புருசன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாமியும் எங்களைப் போல வயலில் கூலிக்குப் போகிறவர்தான்.

அம்மா கதிரை கேட்டதும் மாமி வாயில் கையை வைத்தார்.

"எடியே, நிறுவனம் வருதெண்டால் சனம் சோத்துப் பானையையே பத்தைக்குள்ள ஒளிக்குது. நீ கதிரை இரவல் கேக்கிறாய்!"

"ஒளிக்கிறதுக்கு என்னட்டை என்ன கிடக்கு அக்கா? உங்கட சாமானைத் தாங்கோ, எங்கட வீட்டில ஒளிச்சு வைக்கிறன்."

"அப்ப ஃபானையும் தூக்கிக்கொண்டு போ. வாறவருக்கு வேர்த்துக் கொட்டினால் கோவத்தில புள்ளியைக் குறைச்சுப் போடுவார்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது பகிடிதான், பிள்ளைகளே. மாமி மனதில் வேறொன்றும் இருக்கவில்லை. அவரே இரண்டு கதிரைகளைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து தந்தார்.

வந்தவர் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். என் வயதுதான் இருக்கும். மரியாதையான மனிதர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். அம்மா தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். ஃபான் சுற்றியது. சின்னவனே, நீ ஒரு கதிரையில் ஏறி இருந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தாய். இறங்கச் சொன்னால் மற்றக் கதிரைக்குத் தாவினாய். அவர் போனில் படம் எடுத்தபோது நீ பல்லைக் காட்டினாய்.

"வீட்டை வடிவா வச்சிருக்கிறியள் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் முகம் அன்று முழுவதும் மலர்ந்திருந்தது.

எங்கள் வாசலில் இருந்து அவர் நேரே ஒழுங்கையைக் கடந்து மாமி வீட்டுக்குப் போனார். கதிரைகளைத் திருப்பிக் கொண்டு போக நேரம் இருக்கவில்லை. மாமி பாயை விரித்தாராம். அவர் இருக்க மாட்டேன் என்று நின்றபடியே எழுதினாராம்.

பட்டியலைப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டினார்கள். நான் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தேன். எங்கள் பெயர் இல்லை. மாமியின் பெயர் இருந்தது, நேரே ஆடு என்று போட்டிருந்தது. முறைப்பாடு இருந்தால் ஒரு கிழமைக்குள் அலுவலகத்துக்கு வரலாம் என்று கீழே எழுதியிருந்தார்கள். அடுத்த நாளே போனேன். உங்கள் அம்மாவுக்கும் சொல்லவில்லை.

அதே மனிதர்தான் இருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துக்கொண்டார்.

"நான் வேணுமெண்டு வெட்டேல்லை அண்ணை. இஞ்சை பாருங்கோ" என்று படத்தைக் காட்டினார். கதிரை, மேசை, ஃபான், சின்னவனின் பல். "இதெல்லாம் இருந்தால் புள்ளி குறையும். உதவி அனுப்புறவை படத்தோட கேக்கினம். இந்தப் படத்தைக் காட்டி நான் என்னெண்டு சொல்லுறது?"

"அது எங்கட இல்லை ஐயா. இரவல்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம். முந்தநாள் ஒராள் மோட்டச்சைக்கிளே இரவல் எண்டார்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார். "சரி, நான் நம்புறன். ஆனா நான் நம்பினாக் காணாது. ஆருடைய கதிரை எண்டு இதில எழுதித் தாங்கோ. போய்ப் பாத்திட்டு மாத்தலாம். பட்டியல் இன்னும் மேல போகேல்லை."

ஒரு தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார்.

பேனையைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் எழுதினால் அவர் மாமி வீட்டுக்குப் போவார். அங்கே ஆறு கதிரையும் இருக்கும். எங்கள் பெயர் ஏறும், மாமியின் பெயர் இறங்கும். கதிரை தந்ததற்கு அதுதான் நான் திருப்பிக் கொடுப்பது.

மூத்தவளே, உன்னை நினைக்காமல் நான் அந்தப் பேனையை வைக்கவில்லை. உன்னுடைய பெறுபேற்றுத் தாள் என் சேர்ட் பொக்கற்றில் இருந்தது. அவருக்குக் காட்டலாம் என்று மடித்துக் கொண்டு போயிருந்தேன். அதை எடுக்கவே இல்லை.

"இல்லை ஐயா. நான் சும்மா சொன்னனான். எங்கடதான்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏனண்ணை பொய் சொல்லி நேரத்தை வீணாக்கிறியள்? வெளியில எத்தினை சனம் நிக்குது பாருங்கோ."

தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

இதை வாசித்துவிட்டு என்னைப் பெரிய மனிதன் என்று நினைக்க வேண்டாம். பல நாள் அந்தத் தாளில் எழுதியிருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். மாமியின் ஆடுகள் வேலியால் தலையை நீட்டும்போது எனக்கு வந்த எரிச்சலை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த ஆடுகளும் நிற்கவில்லை. மழைக்காலத்தில் வாய் நோய் வந்து ஒன்றொன்றாகச் செத்தன. ஒன்றுதான் மிஞ்சியது, அதையும் மகனின் வைத்தியத்துக்கு விற்றார். நான் வாய் மூடியதால் அவர் வாழவும் இல்லை, நாங்கள் வாழவும் இல்லை. மாமிக்கு இது ஒன்றும் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

உதவி அனுப்பியவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. வந்த மனிதரும் கெட்டவர் இல்லை. ஆனால் இரண்டு வீட்டின் கஷ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது கூட என்று பார்த்து ஒன்றை மட்டும் எடுக்கும் அந்த முறையில் எங்களைப் போன்றவர்களுக்கு எந்தக் காலத்திலும் ஒரு விடிவு வரும் என்று நான் இப்போது நம்புவதில்லை. அதற்குப் பிறகு வந்த எந்த நிறுவனத்துக்கும் நான் பெயர் கொடுக்கவில்லை.

"படிப்பு எங்கையும் ஓடாதப்பா. ஒரு வருசம் உழைச்சுப் போட்டுப் படிக்கிறன்" என்று மூத்தவள் சொன்னாள். இது மூன்றாவது வருடம். அந்தக் கதையை இப்போது அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

அவள் முதல் நாள் வேலைக்குப் போனது விடிவதற்கு முன். சந்தி வரை நான் கூடப் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் முழங்காலுக்கு மேல் புல். வேலைக்குப் போகும் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் அங்கே போன் வெளிச்சத்தை நிலத்தில் அடித்தபடி, பாம்புக்குப் பயந்து மாறி மாறிக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். என் மகளும் போய் அவர்களோடு நின்று காலைத் தூக்கினாள். பஸ் வந்தது, ஏறினாள். கண்ணாடிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். வெளிச்சம் வந்ததும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தனியே சந்திக்குத் திரும்பிப் போனேன். பஸ் நின்ற இடத்தில் இருந்து ஒழுங்கை முகப்பு வரைக்கும் புல்லைச் செருக்கி, வாரி, கரையில் ஒதுக்கினேன்.