ஐஸ் போடாத மூன்று கிளாஸ்: பெடாஸிலிருந்து அம்பாங்கானுக்கு

டிசம்பர் மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, மலேசியாவில் பெடாஸ் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து அம்பாங்கானுக்குப் போய் பீர் குடித்துவிட்டு வந்தேன். என் அக்கா கமலம் இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை படையல். இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பது எங்கள் வழக்கம். அக்காவுக்குப் பிடித்தது கறுப்பு பீர்.

எங்கள் இருவருக்கும் ஒரே மாதத்தில் பிள்ளை பிறந்தது. உடம்பு தேற வீட்டுப் பெரியவர்கள் தினமும் அரை கிளாஸ் கறுப்பு பீர் கொடுத்தார்கள். அதிலிருந்து வருடக் கடைசியில் ஒரு போத்தல் வாங்கி, ஆளுக்குப் பாதி குடிப்போம். குளிர்நாடுகளில் டிசம்பருக்கென்றே காய்ச்சும் பீர் அம்பாங்கானில் கிடைக்கிறது என்று போன வருடம் என் மகள் சொன்னாள். "அடுத்த வாரம் போவோம்டி" என்றாள் அக்கா. அந்த வாரத்துக்குள் போய்விட்டாள்.

அக்கா வீட்டுக்காரருக்கு, எங்கள் மச்சானுக்கு, இதில் விருப்பமில்லை. "பொம்பள படையல்ல பீரு வெச்சா ஜனங்க சிரிக்கும்லா. ஆரஞ்சு தண்ணி போதும்." நல்லதாகக் கொண்டு வந்தால் சம்மதிப்பார் என்று கிளம்பினேன்.

மதியம் இரண்டு மணிக்கு பஸ். சிரம்பானுக்கு நான்கு வெள்ளி, அதாவது ரிங்கிட்; ஐம்பது நிமிடம். அங்கிருந்து டாக்சி பன்னிரண்டு வெள்ளி. பீர் கடைப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"வீட்டுக்காரர கூப்ட்டு வரப் போறீங்களாக்கா?"

"நான்தான் குடிக்கப் போறேண்ணே."

"அப்ப திரும்பி வரப்ப மெதுவா ஓட்டணும்."

கடை மாடியில் இருக்கிறது. நடத்துவது ரேவதி என்ற பெண். மூன்று சின்ன கிளாஸ் முப்பத்தாறு வெள்ளி. எல்லாம் சின்னச் சின்ன ஆலைகள் காய்ச்சும் ஏல் என்ற பீர் வகை என்றாள். நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவள். ருசியை எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன்.

இங்கிலாந்துச் சரக்கு செம்பு நிறம். கருகிய சீனி வாசம், சுலபமாக இறங்குகிறது. பெல்ஜியம் பீரில் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் மணக்கின்றன. முதல் மடக்கு அருமை, மூன்றாவதில் திகட்டியது. ஜப்பான் பீர் நல்ல கறுப்பு. குடித்தால் கசப்பு மட்டும்தான். ஐஸ் கேட்டேன்.

"ஐஸ் போட்டா கெட்டுச்சு ஆன்ட்டி. கொஞ்சம் சூடு ஏறணும். கையில புடிச்சிக்கிட்டு உக்காருங்க."

பிள்ளை பெற்ற உடம்புக்கு ஐஸ் ஆகாது என்று, அக்கா என் கிளாஸை முந்தானையில் சுற்றி வைத்திருந்துதான் கொடுப்பாள். கால் மணி நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு குடித்தேன். வறுத்த கோப்பி, கறுப்புச் சீனி, கடைசியில் ஒரு துளி உப்பு. நாங்கள் குடித்ததைவிட இது பல மடங்கு மேல். அக்கா இருந்திருந்தால் கிளாஸைக் கீழே வைத்திருக்க மாட்டாள். ஒரு போத்தல் வாங்கினேன், முப்பத்து நான்கு வெள்ளி.

போக நினைப்பவர்களுக்கு: கடை மூன்று மணிக்குத்தான் திறக்கும், திங்கள் விடுமுறை. ஜனவரிக்குள் சரக்கு தீர்ந்துவிடுமாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வண்டி ஓட்டாதீர்கள். கறுப்பைக் கடைசியில் குடியுங்கள், அவசரப்படாமல்.

ஞாயிறு படையலில் போத்தலை எடுத்து வைத்தேன். மச்சான் அதை வாங்கி மூடியைத் திறந்தார். அவர் தம்பி ஐஸ் வாளியோடு வந்தார்.

"அவளுக்கு ஐஸ் ஆவாதுடா" என்று மச்சான் கிளாஸில் ஊற்றி, இரண்டு கையாலும் வெகுநேரம் பிடித்திருந்து இலையில் வைத்தார். போத்தலில் பாதி மீதி இருந்தது. அதை என் பக்கம் தள்ளினார்.

"இது ஒன் பாதி."