சாமியப்பன் வாசலில் போன ரோடு

நதியா அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்து எட்டு வருடம் செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஓட்டை தேடினாள். பிறகு, ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும் என்ற ஒரே தகுதியில் அதே கம்பெனி அவளை ஃபாலோ-அப் வேலைக்கு மாற்றியது. வெட்டிய துணியை எம்பிராய்டரிக்குக் கொண்டுபோக வேண்டும், காலர் வாங்கி வர வேண்டும். "இன்னும் அரை மணி நேரந்தானுங்க" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் பிரிண்டிங்காரர் எதிரில் போய் உட்கார்ந்து வேலையை முடிக்க வைக்க வேண்டும்.

இதில் கஷ்டமானது இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில் வழி கேட்டால், "பாத்திரக் கடைக்கு எதுத்த சந்துங்க" என்பார்கள். அங்கே எல்லாச் சந்தும் ஏதோ ஒரு பாத்திரக் கடைக்கு எதிரில்தான் இருக்கிறது.

ஒருநாள் ஒரே எம்பிராய்டரி யூனிட்டைத் தேடி மூன்று முறை சுற்றிவிட்டு வந்து ஆபீஸில் புலம்பினாள். அங்கே வேலை பார்க்கும் அனுப்பிரியா கம்ப்யூட்டரில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினாள். ஊரே அதில் பாதி வெள்ளையாகக் கிடந்தது.

"இத யாரு வேணாலும் வரையலாங்க்கா. ஒரு கம்பெனிக்குச் சொந்தமில்லீங்க, எல்லாரும் சேந்து பண்றது."

"தப்பா வரைஞ்சா?"

"வேற யாராச்சும் வந்து திருத்துவாங்க."

"அப்ப இங்கயும் செக்கிங் இருக்கா!" நதியாவுக்கு உடனே பிடித்துப்போனது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் அதற்கென்றே ஆனது. வலது கையில் தயிர்சாதம், இடது கையில் மவுஸ். எம்பிராய்டரி யூனிட்டை வைத்தாள். மாவு மில், பஞ்சர் கடை, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு முக்கில் 'கடிக்கும் நாய்' என்றும் வைத்தாள். இரண்டாம் நாள் தஞ்சாவூரிலிருந்து யாரோ ஒருவர் மரியாதையாகச் செய்தி அனுப்பியிருந்தார்: "இடம் மாறும் உயிரினங்களை வரைபடத்தில் சேர்ப்பதில்லை."

"இது மாறாது. நாலு வருசமா அதே டிரான்ஸ்பார்மருக்குக் கீழதான் படுத்திருக்கு" என்று பதில் போட்டாள். நாயை எடுத்துவிட்டார்கள். நதியா விடாமல் டிரான்ஸ்பார்மரைச் சேர்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் குறுக்குவழி ஒன்று கிடைத்தது. காலர் யூனிட்டுக்கு மெயின் ரோடு சுற்றிப் போனால் பத்து நிமிடம். நடுவில் ஒரு கேட் எப்போதும் திறந்து கிடக்கும். உள்ளே தென்னை மரங்களுக்கு நடுவில் மண்தடம், கடைசியில் இன்னொரு கேட், அதைத் தாண்டினால் பின்வீதி. நதியா தினமும் அதில் போனாள், யாரும் தடுக்கவில்லை. செயற்கைக்கோள் படத்திலும் அது வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதன் மேல் கோட்டை இழுத்து, 'சாலை' என்று தேர்ந்தெடுத்து, பெருமையோடு சேமித்தாள்.

மூன்று வாரம் கழிந்தது. பிரிண்ட் போட்ட துணியோடு அந்தப் பக்கம் வந்தவள், தென்னை மரத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே ஒரு டெம்போ சிக்கி நிற்பதைப் பார்த்தாள். அங்கிருந்த வீட்டின் சொந்தக்காரர் சாமியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். டெம்போ டிரைவர் முனீஸ் செல்போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தான்.

"ரோடுன்னுதான போட்டுருக்கு, பாருங்கண்ணே!"

"இது எங்க ஊட்டு வாசலுங்க தம்பி! போன வாரம் கொரியர்காரரு வந்தாரு, சரி. நேத்து பால் வண்டி. இப்ப டெம்போ. நாளைக்கு பஸ்ஸு வருமுங்களா?"

அது தான் போட்ட ரோடு என்று நதியாவுக்குப் புரிந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் இறங்கினாள். முதலில் டெம்போவைத் தள்ள ஒரு கை கொடுத்தாள். அது வெளியே போனதும், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சொன்னாள்.

"ஐயா, அந்த ரோட்டப் போட்டது நாந்தேன்."

சாமியப்பன் அவளைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், அதிலிருந்த துணி மூட்டையைப் பார்த்தார்.

"அம்மிணி, நீங்க ஹைவேஸ் டிபார்ட்மெண்டுங்களா?"

"இல்லைங்கய்யா. பனியன் கம்பெனி."

போனில் வரைபடத்தைத் திறந்து காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இந்தக் கட்டம் என்னுங்க?"

"உங்க வீடு."

"கெணறு எங்கீங்க?"

"இன்னும் போடலைங்கய்யா."

"இல்லாத ரோட்டப் போட்டீங்க, இருக்கற கெணத்தப் போடலீங்களே!" ரோட்டைவிடக் கிணறுதான் அவருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

"மன்னிச்சுக்கங்கய்யா. ரோட்ட இப்பவே எடுக்கச் சொல்லிர்றேன்."

"எதுக்கு எடுக்கோணும்?" என்றது ஒரு குரல். சாமியப்பனின் மனைவி அமராவதி மோர்ச் சட்டியோடு வாசலில் நின்றார். வருகிறவர்களுக்கு அவர் பத்து நாளாக மோர் கொடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "பையன் பெங்களூர் போனதுல இருந்து இந்த மனுசன் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தேன் கண்ணு. இப்பத்தான் நாலு பேரு வந்து போறாங்க. அந்தக் கொரியர்காரரு எங்கூருப் பக்கந்தான், தெரியுமா?"

"டெம்போவும் உங்கூருங்களா?" என்றார் சாமியப்பன்.

நதியா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அனுப்பிரியாவை போனில் பிடித்துக்கொண்டு, அவர்கள் இருவரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நடந்து போகலாமா? "தாராளமாங்க." பைக்? "மெதுவாப் போலாமுங்க." டெம்போ? இருவரும் ஒரே குரலில், "கூடாது!" கேட்டை எப்போது சாத்துவீர்கள்? "ஆறு மணிக்குங்க." எல்லாவற்றையும் அனுப்பிரியா அந்தப் பக்கம் பதித்தாள். ரோடு, 'தனியார் வழி' ஆனது. இரண்டு முனையிலும் கேட் வந்தது. கிணறும் வந்தது.

"தென்னமரத்தையும் போடுங்க அம்மிணி. பதினொண்ணு."

"ஒம்பதுங்க" என்றார் அமராவதி.

நட்டதே தான்தான் என்று சொல்லி சாமியப்பன் எண்ணக் கிளம்பினார். அமராவதியும் கூடவே போனார். பத்து மரம் இருந்தது.

அதற்குப் பிறகு டெம்போ வரவில்லை. பைக்குகள் மட்டும் மெதுவாக வந்தன. மோரும் தொடர்ந்தது. நதியா கிழக்கே இருக்கும் ஐந்து வீதிகளுக்குப் பெயர் தெரியாமல் திண்டாடுவதைக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அமராவதி தானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு வீதிக்கும் பெயர் சொன்னார். யார் வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை என்பதையும் சொன்னார். நதியா பெயரை மட்டும் குறித்துக்கொண்டாள்.

மூன்று வீதி முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஒரு பேக்கரியில் உட்கார்ந்து டீயும் பப்ஸும் சொன்னார்கள். அமராவதி ஒரு கடி கடித்துவிட்டு வைத்தார்.

"இந்தக் கடையவும் போட்டுருங்க கண்ணு. பப்ஸு நல்லால்லைன்னும் எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா."

"பின்ன எதுக்கு மேப்பு?" என்று கேட்டுவிட்டு, அமராவதி மிச்ச பப்ஸையும் தின்று முடித்தார்.