மெஷின் நின்ற சந்து

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் தைக்கும் சந்து. மெஷின்கள் எல்லாம் நின்றிருக்கின்றன. பஞ்சுத் தூசி மட்டும் கீழே இறங்க மனமில்லாமல் வெயிலில் மிதக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகவேண்டிய லாரி பாதிச் சரக்கோடு தூங்குகிறது.

"இன்னைக்கு யார் பண்டிகைங்க?" ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கும் கம்பெனிக்காரர் பஷீரிடம் கேட்கிறேன்.

"பண்டிகைக்கெல்லாம் மெஷின் நிக்காதுங்க. ரம்ஜானுக்கு எங்க கம்பெனிய அந்தோணி ஓட்டுவாரு. கிறிஸ்துமஸுக்கு அவருத நான் ஓட்டுவேன். பொங்கலுக்கு முருகேசன் கம்பெனிய நாங்க ரெண்டு பேரும். எங்க அத்தா காலத்துல இருந்தே அப்படித்தானுங்க."

"அப்புறம் இன்னைக்கு?"

"அந்தோணி தவறிட்டாருங்க. அடக்கத்துக்குப் போறோம்."

"கப்பலை விட்டுருவீங்களே?"

"அடுத்த கப்பல் வருமுங்க." எதிரே மூடிக் கிடக்கும் ஷட்டரைப் பார்க்கிறார். "அந்தோணி வருவாருங்களா?"